எண்சுவடியும் பெட்டியடிப் பையனும்

விக்டோரியா மகாராணியார் ஆட்சியில் (1837–1901) இங்கிலாந்தின் ஆலை முதலாளிகள் தங்கள் பிள்ளைகளுக்கு வட்டி, பங்கு, நாணய மாற்று என வணிகக் கணக்கைக் கற்பித்தனர். அதே காலத்தில் நம் பினாங்கு வீதியில் வட்டிக்கடை நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தாரின் பையன்கள் எந்தக் கணக்கைப் படித்தார்கள்? (பையன்கள் என்றுதான் எழுத முடிகிறது, கடைக்கு அனுப்பப்பட்டவர்கள் அவர்களே.)

செட்டிநாட்டுத் திண்ணைப் பள்ளியில் அவர்கள் படித்தது எண்சுவடி. நாம் வாய்ப்பாட்டில் மேலே ஏறுவோம். எண்சுவடியோ ஒன்றுக்குக் கீழேயும் இறங்கும். மா என்பது 20இல் ஒரு பங்கு. அதில் கால், காணி. 80இல் ஒரு பங்கு. அதிலும் கால், முந்திரி. 320இல் ஒரு பங்கு! காணி என்றால் எனக்குப் பாரதியார் பராசக்தியிடம் கேட்ட நிலம் மட்டுமே தெரிந்திருந்தது. ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் 'பின்னம்' படித்தேன், இடைநிலைப்பள்ளியில் அதுவே 'பெச்சாஹான்' ஆனது. முந்திரி கண்ணில் படவே இல்லை.

இதனால் என்ன பயன்? 640 வெள்ளிக் கடனுக்கு மாதம் 100க்கு ஒன்றேகால் வட்டி என்று வைத்துக்கொள்வோம். 100இல் ஒன்றேகால் என்பது 80இல் ஒன்று, அதாவது காணி. 640இல் காணி 8 வெள்ளி. தாளும் வேண்டாம், பேனாவும் வேண்டாம். பின்னத்துக்குப் பெயர் இருந்ததே மனக்கணக்கின் பலம் என்பது என் கருத்து.

பிறகு கிட்டங்கிப் பயிற்சி. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, பேரேடும் ஐந்தொகையும் எழுதப் பழகி, ஒருநாள் கடையையே நடத்தும் முகவராகலாம். தண்ணீர்மலையில் 1857இல் கோயில் எழுப்பிய சமூகத்தின் செல்வத்துக்குப் பின்னால் இந்தக் கணக்குப் படிப்பும் இருந்தது.

ஆனால் கடலைக் கடந்து செபராங் பிறைக்குப் போனால் கதை வேறு. அங்கே கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக இருந்தவர்களும் தமிழர்களே. கப்பல் செலவு முன்பணமாகி, சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. எவ்வளவு பிடித்தார்கள், எவ்வளவு மிச்சம் என்று சரிபார்க்கும் படிப்பு அவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை. கணக்கு, முதலாளியின் ஏட்டில் இருந்தது. 1910இல் அந்த ஒப்பந்த முறை முடிந்தது. தோட்டங்களில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி வேண்டும் என்ற சட்டம் கூட்டரசு மலாய் மாநிலங்களில் 1912இல் வந்தது. நம்மில் பலர் படித்த தமிழ்ப்பள்ளிகளின் வேர் அந்தத் தோட்டங்களில் இருக்கிறது.