தானுந்து அடிக்காப்புத் தகடு

தானுந்து அடிக்காப்புத் தகடு என்பது தானுந்தின் பொறி, பல்லிணைப் பெட்டி ஆகியவற்றுக்குக் கீழே பொருத்தப்படும் நெகிழித் தகடு ஆகும். பணிமனைகளில் இது அண்டர் கவர் எனப்படுகிறது. சக்கர வளைவின் உட்புறத்தை மூடும் லைனரும் இதே வகையைச் சேர்ந்ததே. பின்னாளில் கடைகளில் வாங்கிப் பொருத்தப்படும் இரும்பு இஞ்சின் கார்டு வேறு. அது மோதலைத் தாங்குவதற்கானது. நெகிழித் தகடு அதற்காக வடிவமைக்கப்பட்டதன்று.

பயன்

சாலை நீரும் சேறும் சிறுகற்களும் பொறியின் பட்டை, மின்னாக்கி, கம்பி இணைப்புகள் ஆகியவற்றின் மீது தெறிப்பதை இத்தகடு தடுக்கிறது. சில வண்டிகளில் முன்பக்கத் தகடு ரேடியேட்டருக்குக் காற்றைத் திருப்பிவிடும் வேலையையும் செய்கிறது. வண்டியின் அடியைச் சமதளமாக்குவதால் காற்றுத் தடையும் குறைகிறது. 1999இல் வெளிவந்த ஹோண்டா இன்சைட் தானுந்தின் காற்றுத்தடைக் கெழு 0.25 என்ற அளவுக்குக் குறைந்ததில் அதன் மூடிய அடிப்பகுதிக்கும் பங்குண்டு.

தகடு இல்லாமலும் வண்டி ஓடும். இதனாலேயே, தளர்ந்த தகட்டைச் சீர்செய்வதற்கு மாறாகக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் பழைய வண்டிகளில் பரவலாக உள்ளது. அதன் விளைவு முதல் பெருமழையில் தெரியும்: நனைந்த பட்டை வழுக்கிக் கீச்சிடும், மின்னாக்கி சேற்றில் குளிக்கும்.

தளர்வதற்கான காரணங்கள்

இத்தகடுகள் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீனால் ஆனவை. தகட்டின் உட்புறத்தில் >PP< போன்ற குறி அச்சிடப்பட்டிருக்கும். வண்டியுடன் இவற்றை இணைப்பவை நைலான் கிளிப்புகளும் சில திருகுகளும் ஆகும். ஆண்டுகள் செல்லச்செல்ல வெப்பத்தால் கிளிப்புகள் நொறுங்கும் தன்மை அடைகின்றன. எண்ணெய் மாற்றும்போதெல்லாம் தகடு கழற்றப்படுகிறது. பத்துக் கிளிப்புகளைக் கழற்றி ஏழை மட்டும் திரும்பப் போடுவது அரிய நிகழ்வன்று.

அடுத்த காரணம் வேகத்தடை. இந்தியச் சாலைப் பேராயத்தின் 1988ஆம் ஆண்டு நெறிமுறை வேகத்தடைக்கு 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் பரிந்துரைத்தது. நம் தானுந்துகள் பலவற்றின் தரை இடைவெளி 16 முதல் 17 செ.மீ. வரை என்பதால் இத்தகைய தடை இடிக்கக் கூடாது. ஆனால் ஊருக்குள் போடப்படும் தடைகள் குறுகியவை, செங்குத்தானவை. ஐந்து பேர் ஏறியதில் அமுங்கிய வண்டி, தடையின் மீதே தடைபிடிக்கும்போது மூக்கைத் தாழ்த்துகிறது. தகட்டின் முன்விளிம்பு முதலில் அடிபடுகிறது.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பர்கூர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும் (ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலை வேறு). சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை இவ்வூர் வழியே செல்கிறது. முன்பு 46 என்றிருந்த இச்சாலையின் எண் இப்போது 48 ஆகும். கருங்கல் வெட்டும் தொழில் மிகுந்த மாவட்டமாதலால் சாலையோரங்களில் சரளையும் கல்தூளும் காணப்படுகின்றன. ஓர் உள்ளூர் வண்டி சிறு தெருக்களின் மேடுபள்ளங்களில் தன் கிளிப்புகளை இழந்து, சில நிமிடங்களிலேயே நெடுஞ்சாலை வேகத்தை எட்டிவிடுகிறது. இடர் அங்கேதான் தொடங்குகிறது.

வேகமும் விசையும்

காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கேற்ப உயர்கிறது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் உள்ளதைப் போல் 2.25 மடங்கு அழுத்தம் 90 கி.மீ. வேகத்தில் உண்டாகும். 100 கி.மீ. வேகத்தில் அது ஏறத்தாழ 460 பாஸ்கல். முன்விளிம்பு பிரிந்து, கால் சதுர மீட்டர் பரப்பு காற்றை நேராக எதிர்கொண்டால் சுமார் 115 நியூட்டன் விசை அதன்மேல் செயல்படும். இது 12 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்கு ஒப்பாகும். எனவே நகரத்துக்குள் இலேசாகப் படபடத்த தகடு நெடுஞ்சாலையில் மீதமுள்ள கிளிப்புகளையும் பிடுங்கிக்கொண்டு விழக்கூடும். பின்னால் வரும் இருசக்கர வண்டிக்கு இது பேரிடர். முன்சக்கரத்தில் சிக்கினால் சொந்த வண்டிக்கும் அவ்வாறே. புகைபோக்கிக் குழாயின் மேல் சாய்ந்தால் தகடு உருகும். பாலிபுரோப்பிலீன் 160 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பநிலையிலேயே உருகிவிடும். எண்ணெய் ஊறிய தகடாயின் தீப்பற்றவும் வாய்ப்புண்டு.

சீர்செய்தல்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கைத்தடையிட்டு, தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, தயாரிப்பாளர் குறித்த இடத்தில் மட்டுமே ஜாக்கி கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் செல்வது உயிருக்கு ஆபத்தானது. தாங்கு ஸ்டாண்டின் மேல் எடை இறங்கிய பின்னரே தலையை நுழைக்க வேண்டும். செங்கல், ஹாலோபிளாக் ஆகியவை ஸ்டாண்டுக்கு மாற்றல்ல. அவை முன்னறிவிப்பின்றி நொறுங்குபவை. பணிமனைக் குழியோ தூக்கியோ கிடைத்தால் அதுவே மேல். பொறியும் புகைபோக்கியும் ஆறியிருத்தல் வேண்டும்.

முதலில் தகட்டைக் கழுவி, எந்தத் துளை பழுதாகியுள்ளது எனப் பார்க்க வேண்டும். கிளிப் மட்டும் போயிருந்தால் அதே விட்டமுள்ள புதிய கிளிப் போதும். இரண்டு பகுதிகளைக் கொண்ட கிளிப்பில் நடு ஊசியை நெம்பி எடுத்தால் உடல் தளரும். சில வகைகளில் ஊசியை உள்ளே அழுத்த வேண்டும். இந்த வேறுபாட்டை அறியாமல் இழுப்பதாலேயே பாதிக் கிளிப்புகள் உடைகின்றன. துளை கிழிந்திருந்தால் அகன்ற வாஷர் இட்டுத் திருகலாம். விரிசல் ஓடியிருந்தால் அதன் முனையில் 3 மி.மீ. துளையிட்டால் மேலும் பரவாது. பின்னர் அதே நெகிழியாலான கம்பியைக் கொண்டு சூடாக்கி ஒட்டலாம், அல்லது மேலொரு துண்டு வைத்து ரிவெட் அடிக்கலாம். வழக்கமான உடனொட்டிப் பசைகள் பாலிபுரோப்பிலீனில் நிலைத்துப் பிடிப்பதில்லை.

திருகை இறுக்கிப் பூட்டுவது நன்று எனத் தோன்றும். ஆனால் அது தவறு. ஒரு மீட்டர் நீளமுள்ள பாலிபுரோப்பிலீன் தகடு 40 பாகை வெப்பம் ஏறும்போது 4 முதல் 6 மி.மீ. வரை நீள்கிறது, எஃகு அரை மில்லிமீட்டரே நீள்கிறது. இதற்கு இடம் தரவே தகட்டின் துளைகள் சில நீள்வட்டமாக உள்ளன. அவற்றை நெரித்துப் பூட்டினால் அடுத்த கோடையில் துளையோரம் மீண்டும் வெடிக்கும்.

இரண்டு தகடுகள் சேருமிடத்தில் முன்தகட்டின் பின்விளிம்பு கீழாகவும், பின்தகட்டின் முன்விளிம்பு அதற்கு மேலாகவும் அமைய வேண்டும். கூரையில் மேலோடு கீழோட்டை மூடி நீரை விலக்குவது போல, இவ்வடுக்கு எதிர்க்காற்று உள்ளே புகாமல் தடுக்கிறது. மாற்றி வைத்தால் எத்தனை கிளிப் போட்டாலும் படபடப்பு நிற்காது.

வழியில் தகடு தொங்கினால் நைலான் கேபிள் டையால் கட்டிக்கொண்டு மெதுவாகப் பணிமனை வரை செல்லலாம். புகைபோக்கிக்கு அருகே நைலான் உதவாது, கம்பியே வேண்டும். கட்ட இடமில்லாவிடில், பொறியை நிறுத்தி ஆறவிட்டு, வண்டியின் அடியில் செல்லாமலே எட்டும் தகடாயின், அதனை முழுதாகக் கழற்றிப் பின்பெட்டியில் வைத்துக்கொள்வது பாதி தொங்கவிட்டு ஓட்டுவதை விடப் பாதுகாப்பானது.