கடிபட்ட நாயைக் காத்தல்

மாணவச் செல்வங்களே,

முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நின்று பிறர் பிழைகளைத் திருத்தியவன் நான். இன்று என் பிழை ஒன்றைக் கூறப்போகிறேன்.

எங்கள் வீட்டில் மணி என்றொரு நாய் உண்டு. 2021ஆம் ஆண்டு ஐப்பசித் திங்களில் ஒரு நாள் காலை, தெருவில் திரிந்த வேற்று நாயொன்று மணியின் கழுத்தைக் கவ்வி உலுக்கிவிட்டு ஓடிற்று. என் பேரன் விரைந்து சென்று மணியைத் தூக்கி வந்தான். மயிரை விலக்கிப் பார்த்தேன். மிளகளவில் இரண்டு துளைகள். குருதி சிறிதே கசிந்திருந்தது. "தாத்தா, டாக்டரிடம் கொண்டுபோக வேண்டாமா?" என்றான் பேரன். "இத்தனை சிறிய காயத்துக்கு டாக்டர் எதற்கடா?" என்று கூறி, மஞ்சளைக் குழைத்து அப்பித் துணியால் இறுகக் கட்டினேன்.

மூன்றாம் நாள் மணி உணவைத் தொடவில்லை, கழுத்து வீங்கிற்று. அஞ்சிக் கால்நடை மருத்துவரிடம் எடுத்துச் சென்றோம். வெப்பமானி 104 பாகை காட்டிற்று. நாய்க்கு இயல்பான வெப்பமே பாரன்ஹீட் அளவில் 101 முதல் 102.5 பாகை வரை உண்டு. மணிக்கு அதனினும் மிகுந்துவிட்டது. மருத்துவர் கட்டை அவிழ்த்து வீக்கத்தைக் கீறினார். சீழ் பெருகி வழிந்தது. "ஐயா, திருடனை உள்ளே வைத்து வாசற்கதவைச் சாத்திவிட்டீர்களே!" என்றார்.

அதன் பொருளையும் அவரே விளக்கினார். நாயின் கோரைப்பல் தோலில் சிறு துளையிட்டு ஆழ இறங்குகிறது. கடித்த நாய் தலையை உலுக்கும்போது, தளர்ந்த தோல் பல்லோடு நகர்ந்துகொடுக்கிறது. அடியிலுள்ள தசையோ கிழிபடுகிறது. எலிவளையின் வாய் சிறிது. உள்வழி நெடிது அன்றோ? கடிகாயமும் அத்தகையதே. பல்லோடு புகுந்த நுண்ணுயிர்கள் அங்கே பல்கிப் பெருகுகின்றன. மேல்வாயை அடைத்துவிட்டால் சீழ் வெளியேற வழியின்றித் தேங்குகிறது.

அங்ஙனமாயின் செய்யத்தக்கவை யாவை? வலியால் துடிக்கும் நாய் வளர்த்தவரையும் கடித்துவிடும். ஆதலின் பெரியவர் ஒருவர் கையுறை அணிந்தே அதனைத் தொடவேண்டும். குருதி பெருகினால் தூய துணியால் அழுத்திப் பிடிக்கவேண்டும். அரை லிட்டர் கொதித்தாறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, காயத்தின்மேல் மெல்ல வார்த்துக் கழுவலாம். மஞ்சளோ ஸ்பிரிட்டோ வேண்டா. துளை எத்துணைச் சிறியதாயினும் அன்றே மருத்துவரிடம் செல்லவேண்டும். நாம் உண்ணும் பாராசிட்டமால், ஐபுபுரூஃபென் முதலிய மாத்திரைகளை நாமே கொடுத்தல் கூடாது. அவை நாய்க்கு நஞ்சாகக்கூடும். நாய் நக்கினால் காயம் ஆறும் என்பதும் தவறு; நக்க இயலாதவாறு கழுத்தில் கூம்புப் பட்டை அணிவிப்பர். மருத்துவர் தந்த மருந்தை, புண் ஆறியதுபோல் தோன்றினாலும், அவர் கூறிய நாள்வரை கொடுத்தல் வேண்டும்.

அன்று மருத்துவர் மற்றொன்றும் வினவினார்: "மணியை வெறுங்கையால் தொட்டவர் யார்?" பேரன் தன் கையை நீட்டினான். விரலில் ஒரு கீறல் இருந்தது. எனக்கு நெஞ்சு நடுங்கிற்று. கடித்த நாய் எங்கே போயிற்று என்று அறிந்தாரில்லை. அதன் உமிழ்நீர் மணியின் மயிரில் இருந்திருக்கும். அதில் வெறிநோய்க் கிருமி இருந்திருந்தால்? வெறிநோயின் குறிகள் தோன்றிவிட்டால் பிழைத்தல் அரிதினும் அரிது. தோன்றுமுன் தடுத்தல் எளிது. பாஸ்டர் 1885ஆம் ஆண்டில் ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தடுப்பூசி போட்டு உலகுக்குக் காட்டிய வழி இதுவே. குன்னூரில் 1907ஆம் ஆண்டு அவர் பெயரால் ஒரு நிலையமும் எழுந்தது. நாய் கடித்தாலோ, கீறலில் அதன் உமிழ்நீர் பட்டாலோ, உடனே சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்குச் செல்லுங்கள். என் பேரனுக்கு அன்றே தடுப்பூசி தொடங்கினர். மணிக்கு முன்னமே ஊசி போட்டிருந்தோம். ஆயினும் மீண்டும் ஒன்று போட்டு, 45 நாள் கட்டிவைத்துக் கண்காணிக்கச் சொன்னார் மருத்துவர். அந்த நாட்களை நான் எண்ணி எண்ணிக் கழித்தேன்.

இருவரும் நலமாயினர். மணியின் புண் ஆறிற்று; அச்சம் ஆறவில்லை. வேற்று நாயின் குரைப்புக் கேட்டாலே கட்டிலடியில் பதுங்கும். அதனை வெளியே இழுக்கவோ அதட்டவோ வேண்டா என்று மருத்துவர் கூறியிருந்தார். பேரன் நாள்தோறும் அருகமர்ந்து பேசினான். முதல் வாரம் வாசற்படி வரை, பின்பு தெருமுனை வரை என்று சிறிது சிறிதாக நடத்திச் சென்றான். தைத் திங்களில் மணி முன்போல் வாலை ஆட்டிக்கொண்டு தெருவில் நடந்தது.

மாணவர்களே, அன்று சரியான கேள்வியைக் கேட்டவன் சிறுவன், செவிகொடாதவன் நான். என் அலட்சியம் மூன்று நாளை வீணாக்கிற்று. உங்கள் வீட்டில் இத்தகைய நிலை நேர்ந்து, பெரியவர்கள் "சிறு காயந்தானே" என்று கூறினால், பணிவோடு மறுமுறையும் கேளுங்கள்.