கல்லறைக் கல்லில் தவறான பெயர்! விண்வெளிக் கதையில் பிழை பிடித்த ரசிகர்கள்

கதாநாயகனைக் கொல்ல எதிரி துடிக்கிறான். அவன் வேறு யாரும் அல்ல. ஒரு காலத்தில் கதாநாயகனின் உயிர் நண்பன். தன் மனோசக்தியாலேயே சவக்குழி தோண்டுகிறான். கல்லறைக் கல்லையும் நட்டு விடுகிறான். அதில் "ஜேம்ஸ் ஆர். கிர்க்" என்ற பெயர் தெரிகிறது.

ஆனால் கதாநாயகனின் பெயர் அது அல்ல. ஜேம்ஸ் டி. கிர்க்!

இந்தக் காட்சி வந்தது "ஸ்டார் டிரெக்" என்ற அமெரிக்க டெலிவிஷன் தொடர்கதையில். 1966-ம் ஆண்டு செப்டம்பர் 8-ந் தேதி தொடங்கி, 1969-ம் ஆண்டு ஜூன் வரை ஓடியது. மொத்தம் 79 கதைகள். "எண்டர்பிரைஸ்" என்ற விண்வெளிக் கப்பலில் கேப்டன் கிர்க்கும் அவருடைய தோழர்களும் உலகம் உலகமாகச் சுற்றி வருவதுதான் கதை. இதை உருவாக்கியவர் ஜீன் ராடன்பெரி.

கல்லறைக் காட்சி மிகவும் ஆரம்பத்தில் எடுத்தது. அப்போது கிர்க்கின் பெயரில் "டி" என்ற எழுத்து முடிவாகவில்லை. பிறகு "டி" வந்தது. கல்லில் இருந்த "ஆர்" அப்படியே நின்று விட்டது!

தாயா, பாட்டியா?

கிர்க்கின் உதவியாளர் ஸ்பாக். கூரான காதுகள் உள்ளவர். வேற்று உலகத்துக்காரர். ஆரம்பக் கதை ஒன்றில், "என் முன்னோர் ஒருவர் பூமிப் பெண்ணை மணந்தார்" என்ற பொருளில் பேசுகிறார். 1967-ம் ஆண்டு நவம்பரில் வந்த கதையிலோ, அவரைப் பெற்ற தாயே பூமிப் பெண்ணாக வந்து நிற்கிறாள்!

லேசரஸ் என்பவன் வரும் கதை இன்னும் வேடிக்கை. அவனுடைய தாடி ஒரு காட்சியில் அடர்த்தியாக இருக்கும். அடுத்த காட்சியில் மெலிந்து விடும். மறுபடியும் அடர்ந்து விடும்.

கதை நடக்கும் காலத்திலும் குழப்பம் உண்டு. 1967-ம் ஆண்டு ஜனவரியில் வந்த ஒரு கதையில், 900 ஒளி ஆண்டு தூரத்தில் இருக்கும் ஒருவன் பூமியைப் பார்க்கிறான். அவனுக்குத் தெரிவது நெப்போலியன் காலம். ஒளி அங்கே போய்ச் சேர 900 ஆண்டுகள் ஆகும். அப்படியானால் கதை நடப்பது கி.பி. 2700-க்குப் பக்கத்தில். ஆனால் பிப்ரவரியில் வந்த கதையில், 1990-களில் பூமியை விட்டுப் போன "கான்" என்ற கொடியவன், இருநூறு ஆண்டு தூங்கி எழுந்ததாகச் சொல்கிறார்கள். ஒரு மாத இடைவெளியில் கதை ஐந்நூறு ஆண்டு பின்னால் போய் விட்டது!

இதே கான் 1982-ம் ஆண்டு சினிமாவிலும் வந்தான். செக்காவ் என்ற அதிகாரியைப் பார்த்ததும், "உன் முகத்தை நான் மறக்கவில்லை" என்கிறான். அவன் முன்பு கப்பலுக்கு வந்த கதையில் செக்காவே கிடையாது. செக்காவாக நடித்தவர் சேர்ந்தது அதற்குப் பிறகுதான். "கப்பலின் வேறொரு மூலையில் செக்காவ் வேலை பார்த்திருப்பான்" என்று ரசிகர்கள் சமாதானம் சொன்னார்கள்.

விஞ்ஞானம் என்ன சொல்கிறது?

பெயரும் தாடியும் மாறினால் சிரித்து விட்டுப் போகலாம். விஞ்ஞானம் மாறினால், பார்க்கிற குழந்தை அதையே உண்மை என்று நம்பி விடும்.

எண்டர்பிரைஸ் கப்பல் "விர்" என்ற ஓசையோடு பறக்கிறது. விண்வெளியில் ஓசை கேட்குமா? கேட்காது. ஓசையைச் சுமந்து வரக் காற்றோ வேறு பொருளோ வேண்டும். ராபர்ட் பாயில் என்ற விஞ்ஞானி 17-ம் நூற்றாண்டிலேயே இதைச் சோதித்துக் காட்டினார். கண்ணாடிப் பாத்திரத்துக்குள் கடிகாரத்தைத் தொங்க விட்டுக் காற்றை வெளியே இழுத்தார். "டிக் டிக்" ஓசை அடங்கி விட்டது.

இன்னொன்று: ஏதாவது ஓர் உலகத்தைக் கப்பல் சுற்றிக்கொண்டிருக்கும். என்ஜின் நின்று விடும். உடனே, "இன்னும் சில மணி நேரத்தில் விழுந்து நொறுங்குவோம்!" என்று பதறுவார்கள். நம் சந்திரனுக்கு ஏது என்ஜின்? அது பூமியைச் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது. போதிய வேகத்தோடு போகும் பொருள் தானாகவே சுற்றும். 1957-ம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி ரஷியா விட்ட முதல் ஸ்புட்னிக்கைப் பாருங்கள். அது தாழ்வாகப் பறந்தது. மெல்லிய காற்று உரசி அதன் வேகத்தைக் குறைத்தது. அப்படியும் மூன்று மாதம் சுற்றிய பிறகே எரிந்து விழுந்தது.

கணக்கிலும் ஒரு சறுக்கல். கப்பலில் இருப்பவர்களின் இதயத் துடிப்பைக் கம்ப்யூட்டர் கேட்க வேண்டும். ஓசையை "ஒன்றின் நான்காம் படி" அளவு பெருக்கலாம் என்கிறார் கிர்க். ஒன்றை ஒன்றால் எத்தனை முறை பெருக்கினாலும் ஒன்றுதானே! பத்து என்று சொல்லியிருந்தால் பத்தாயிரம் மடங்கு ஆகியிருக்கும்.

ஸ்பாக்கின் ரத்தம் பச்சை நிறம். அதில் இரும்புக்குப் பதில் தாமிரம் இருப்பதுதான் காரணமாம். பூமியில் நண்டுக்கும் ஆக்டோபஸுக்கும் தாமிர ரத்தம் உண்டு. ஆனால் அது நீல நிறம்! இரு வேறு உலகத்து உயிர்கள் கூடிப் பிள்ளை பெறுவது நடக்காத காரியம் என்று வானியல் அறிஞர் கார்ல் சேகனும் கேலி செய்தார்.

ஏன் இத்தனை பிழை?

வாரம் ஒரு கதை வேண்டும். எழுதியவர்கள் பலர். கதைகளைச் சரிபார்க்க ஆட்கள் இருந்தும், பணமும் நேரமும் குறைவு. அன்றைக்கு வீட்டில் பதிவு செய்து திரும்பப் பார்க்க வசதி இல்லை. ஒரு முறை பார்த்தால் மறந்து விடுவார்கள் என்று நினைத்தார்கள். ஆனால் 1970-களில் தொடர் திரும்பத் திரும்ப ஒளிபரப்பானது. ரசிகர்கள் ஒவ்வொரு காட்சியையும் துருவிப் பார்த்தார்கள். பிழைகள் வெளியே வந்தன.

அதனால் தொடரின் பெயர் கெட்டதா? இல்லை. 1976-ம் ஆண்டு அமெரிக்காவின் முதல் விண்வெளி ஓடத்துக்கு, ரசிகர்கள் எழுதிக் குவித்த கடிதங்களால், "எண்டர்பிரைஸ்" என்றே பெயர் வைத்தார்கள். (சோதனைக்காகக் கட்டிய அந்த ஓடம் விண்வெளிக்குப் போகவே இல்லை!) இந்தத் தொடரைப் பார்த்து வளர்ந்த மே ஜெமிசன், 1992-ம் ஆண்டு விண்வெளிக்குப் போன முதல் கறுப்பினப் பெண் ஆனார். லாரன்ஸ் கிராஸ் என்ற பௌதிகப் பேராசிரியர் 1995-ம் ஆண்டு, இந்தக் கதைகளில் எது நடக்கும், எது நடக்காது என்று ஒரு புத்தகமே எழுதினார். அதற்கு முன்னுரை எழுதியவர் புகழ்பெற்ற விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்!

"கப்பல் ஓசை போடுகிறதே, அங்கே காற்று ஏது?" என்று ஒரு குழந்தை கேட்டால், "கதையைப் பார், பேசாதே" என்று அதட்டக் கூடாது. பதில் தெரியாவிட்டால், குழந்தையோடு சேர்ந்து பெரியவர்களும் தேடிப் பார்க்க வேண்டும்.