விளக்குக்குப் புளி, தரைக்கு வேண்டாம்

கறுத்துப்போன பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆவது கைராசியால் அல்ல, வேதியியலால். பித்தளையில் பெரும்பங்கு செம்பு. காற்றுப் பட்டு அதன் மேல் படியும் ஆக்சைடு படலம்தான் அந்தக் கறுப்பு. சோப்புத் தண்ணீர் அதை அசைக்காது. புளியிலுள்ள டார்டாரிக் அமிலமோ அந்தப் படலத்தைக் கரைத்துவிடும். ஆனால் எண்ணெய்ப் பிசுக்கிடம் புளி தோற்றுப்போகும். அங்கே விறகுச் சாம்பல்தான் கைகொடுக்கும். அதன் காரம் பிசுக்கை இளக்கும், நுண்துகள்கள் தேய்த்தெடுக்கும். முதலில் சாம்பல், பிறகு புளி என்ற வரிசைக்குக் காரணம் இதுதான்.

கடையில் பாலிஷ் கிடைக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்று கேட்கலாம். வழவழப்பான தட்டுக்குப் பாலிஷே சுலபம், ஒப்புக்கொள்ள வேண்டும். வேலைப்பாடுள்ள விளக்கிலோ அது இடுக்குகளில் வெள்ளையாகத் தங்கிவிடும். புளிக்கரைசல் தண்ணீரோடு போய்விடும். அதற்காக, சமையலறைப் பொருள்தானே, எங்கும் தேய்க்கலாம் என்றால் அதுவும் தவறு. செம்பின் கறையைக் கரைக்கும் அதே வகை அமிலம் பளிங்குத் தரையின் சுண்ணாம்பையும் அரித்து மினுமினுப்பைக் கெடுக்கும். வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்தால் நுரை பொங்கும், சுத்தம் செய்யும் சக்தி பெரும்பாலும் தீர்ந்துபோகும்; அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துவிடுகின்றனவே! பிளீச்சிங் பவுடரோடு எலுமிச்சையோ வினிகரோ சேர்ந்தால் நச்சான குளோரின் வாயுவே கிளம்பும்.