பையை விட்டுவிட்டு இறங்குங்கள்

1985 ஆகஸ்ட் 22. இங்கிலாந்தின் மான்செஸ்டர் விமான நிலையம். காலை 7 மணி தாண்டிச் சில நிமிடங்கள்தான் ஆகியிருந்தன. 131 பயணிகள், 6 ஊழியர்களோடு பிரிட்டிஷ் ஏர்டூர்ஸ் நிறுவனத்தின் போயிங் 737 ஓடுபாதையில் வேகமெடுத்தது. பயணிகளில் பெரும்பாலோர் கிரேக்கத் தீவான கோர்ஃபுவுக்கு விடுமுறைக்குக் கிளம்பியவர்கள். ஓடத் தொடங்கிய 36ஆவது விநாடியில் ‘தொம்’மென்று ஒரு சத்தம். டயர் வெடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் பறவை மோதியிருக்க வேண்டும் என்றுதான் விமானிகள் நினைத்தார்கள். உடனே டேக் ஆஃபைக் கைவிட்டார்கள். டயர் போயிருந்தால் பிரேக்கை ஓங்கி மிதிப்பது ஆபத்து என்பதால் பதமாகவே நிறுத்தினார்கள். விமானம் நிற்க 45 விநாடிகள் ஆயின.

வெடித்தது டயர் அல்ல. இடது என்ஜினுக்குள் எரிபொருள் எரியும் உருளைகளில் ஒன்று பிளந்து, அதன் துண்டு வெளியே பாய்ந்திருந்தது. அந்த உருளையில் முன்பே விரிசல் கண்டு வெல்டிங் செய்து சரிசெய்திருந்தார்கள். பாய்ந்த துண்டு இறக்கையின் அடியில் எரிபொருள் தொட்டியின் மூடியைத் தாக்கி ஓட்டை போட்டது. சுற்றியிருந்த இறக்கைத் தகட்டைவிட அந்த மூடி வலுக் குறைந்தது. கொட்டிய எரிபொருள் சூடான என்ஜின் மீது பட்டுப் பற்றிக்கொண்டது.

ஓடுபாதையை அடைத்துக்கொண்டு நிற்கக் கூடாது என்பது அன்றைய பழக்கம். அதன்படி விமானத்தை வலப்பக்கம் திருப்பி டாக்ஸிவேயில் நிறுத்தினார்கள். மெல்லிய காற்றுதான். ஆனால் திரும்பி நின்றதும் அது தீயை நேராக விமானத்தின் பின் உடல்மேல் தள்ளியது. அலுமினியத் தோல் உருகி, சிறிது நேரத்தில் தீ உள்ளே வந்துவிட்டது. விமானிகளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் இருந்த இடத்திலிருந்து என்ஜினைப் பார்க்க முடியாது. கற்றுக்கொடுத்ததைத்தான் செய்தார்கள்.

உள்ளே நடந்ததுதான் நாம் ஊன்றிப் படிக்க வேண்டியது. முன்பக்க வலது கதவு பாதியில் சிக்கிக்கொண்டது. பணியாளர் அதை விட்டு இடது கதவைத் திறந்துவிட்டு, மறுபடி வலது கதவுக்கு வந்து போராடித் திறந்தபோது, விமானம் நின்று ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்தக் கதவுகளை அடைய, இரண்டு தடுப்புகளுக்கு இடையே சுமார் 57 சென்டிமீட்டர் இடைவெளியில் நுழைய வேண்டும். ஒருவர் மட்டுமே நுழையும் அந்த இடுக்கில் கூட்டம் நெருக்கியடித்து அடைத்துக்கொண்டது. வலது இறக்கைக்கு மேலிருந்த அவசர வழியின் மூடி சுமார் 22 கிலோ எடை. பக்கத்து இருக்கைப் பெண் அதை இழுத்ததும், அது அவர்மேலேயே விழுந்து அழுத்தியது. பின்னிருக்கைக்காரர் தூக்கி நகர்த்திய பிறகே வழி கிடைத்தது. பின்கதவு ஒன்று திறந்திருந்தும், அதன் வழியாக ஒருவரும் தப்பவில்லை. அங்கே கரும்புகை சூழ்ந்திருந்தது. பின்பகுதியில் பணியில் இருந்த இரண்டு பணிப்பெண்களும் இறந்தார்கள்.

மொத்தம் 55 உயிர்கள். அவர்களில் 48 பேரைக் கொன்றது தீ அல்ல, புகை. இருக்கைப் பஞ்சும் உட்சுவர்ப் பலகைகளும் எரிந்ததில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வந்தன. இரண்டு மூன்று முறை மூச்சிழுத்தவர்கள் கால் துவண்டு நடைவழியிலேயே விழுந்தார்கள். விமானம் பறக்கவே இல்லை, தீயணைப்பு வண்டிகளும் உடனே வந்துவிட்டன. அப்படியிருந்தும் இத்தனை சாவு.

அதற்குப் பிறகு பிரிட்டனில் பல விஷயங்கள் மாறின. எளிதில் தீப்பற்றாத இருக்கை உறைகளும், புகையில் வழிகாட்டத் தரையோர விளக்குகளும் கட்டாயமாயின. அவசர வழியருகே இருக்கைகளுக்கிடையே இடம் கூடியது. இந்த மாற்றங்களில் கிரான்ஃபீல்டில் ஆய்வு செய்த உளவியலாளர் ஹெலன் மியூருக்குப் பெரும் பங்கு உண்டு. நிறுத்தி வைத்த விமானத்தில் தன்னார்வலர்களை ஏற்றி, முதலில் வெளியேறும் பாதிப் பேருக்கு 5 பவுண்டு பரிசு என்றார். அவ்வளவுதான், அதுவரை ஒழுங்காக இறங்கியவர்கள் முண்டியடித்தார்கள். இடுக்குகளில் சிக்கினார்கள். ஐந்து பவுண்டுக்கே இப்படி என்றால், உயிருக்கு எப்படி இருக்கும்! பாதிக் கதவுகளைக் கொண்டே 90 விநாடிகளில் எல்லோரையும் இறக்கிக் காட்ட வேண்டும் என்பது விமானங்களுக்கான விதி. ஆனால் புகையும் பயமும் இல்லாத ஒத்திகை அது. பயணிகளுக்குப் புகைத் தடுப்பு முகமூடி தர வேண்டும் என்று மான்செஸ்டர் விபத்தை ஆராய்ந்த விசாரணைக் குழு பரிந்துரைத்தது. அது ஏற்கப்படவில்லை. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் அது.

என்ஜின் தீ இன்றும் நின்றுவிடவில்லை. 2015 செப்டம்பரில் லாஸ் வேகாஸில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 777 ஓடுபாதையிலேயே எரிந்தது. 2016 அக்டோபர் 28 அன்று சிகாகோவில் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் 767 வேகமெடுக்கையில் என்ஜின் தட்டு உடைந்தது. ஒரு துண்டு சுமார் 900 மீட்டர் தள்ளியிருந்த ஒரு கிடங்கின் கூரையைப் பிய்த்துக்கொண்டு விழுந்தது. 2022 செப்டம்பரில் மஸ்கட்டிலிருந்து கொச்சிக்குக் கிளம்பவிருந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்திலும் புகை கண்டு, எல்லோரையும் சறுக்கு வழியாக இறக்கினார்கள். இந்த மூன்றிலும் உயிர்ச்சேதம் இல்லை. மான்செஸ்டரில் செத்தவர்கள் நமக்குத் தந்த பாதுகாப்பும் அதில் இருக்கிறது.

ஆனால் லாஸ் வேகாஸிலும் சிகாகோவிலும் பலர் தலைக்கு மேலிருந்து பையை எடுத்துக்கொண்டுதான் இறங்கினார்கள். விட்டுவிட்டு வரச் சொல்லிப் பணியாளர்கள் கத்தியும் சிலர் கேட்கவில்லை என்று சிகாகோ விசாரணை அறிக்கையே பதிவு செய்திருக்கிறது. வளைகுடாவில் வருடக்கணக்காக உழைத்துச் சேர்த்த நகையும் சான்றிதழும் கைப்பையில் இருக்கும்போது விட மனம் வராதுதான். புரிகிறது. ஆனால் நீங்கள் பையை இழுக்கும் அந்தச் சில விநாடிகளில், உங்கள் பின்னால் நிற்பவர் புகையைச் சுவாசித்துக்கொண்டிருப்பார். அது குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் தாயாகவும் இருக்கலாம்.

அடுத்த முறை விமானம் ஏறும்போது இதைச் செய்யுங்கள். பாஸ்போர்ட்டையும் அவசர மருந்தையும் சட்டைப் பையிலோ இடுப்புப் பையிலோ வைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்ததும் முன்னாலும் பின்னாலும் உள்ள அவசர வழிக்கு எத்தனை வரிசை என்று எண்ணிவிடுங்கள், புகையில் கண் தெரியாது, கைதான் வழி தேடும். செருப்பைக் கழற்ற வேண்டாம். இறங்கச் சொன்னால் பையைத் தொடாமல் இறங்கி, விமானத்தை விட்டு விலகி ஓடுங்கள். வயதான அப்பா அம்மாவைத் தனியாக அனுப்பி வைப்பவர்கள், இதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள்.