பெயரைப் பாராதீர், கழுத்தைப் பாருங்கள்!



‘கிதார்’ என்னும் பெயர் கிரேக்க மொழியில் பிறந்து, அரபியில் வளர்ந்து, ஸ்பானிய மொழியின் வழியாக உலகெங்கும் பரவிய ஒன்றாகும். இன்று அமெரிக்க நகரங்களின் அடகுக் கடைகளிலும் பழைய இசைக்கருவிக் கடைகளிலும், குறைந்த பணத்தில் நல்லதொரு பழைய கிதார் கிடைக்காதா என்று தேடி அலையும் இளைஞர்கள் பலர். அங்குப் படிக்கச் சென்றிருக்கும் உங்கள் மகனும் அவர்களுள் ஒருவனாக இருக்கலாம். பகுதிநேர வேலை செய்து அவன் சேர்த்த பணம் வீணாகாதிருக்கச் சில செய்திகளை அறிந்து கொள்வது நலம்.

பழைய கிதாரின் விலையைப் பெரும்பாலும் முடிவு செய்வது அதன் தலைப்பகுதியில் பொறிக்கப்பட்டிருக்கும் பெயரேயாகும். 1930களில் உருவான மார்ட்டின் டி-28 வகைக் கிதார் இன்று பல்லாயிரம் டாலர் விலை பெறுகின்றது. ஆனால், சிகாகோ நகரில் 1892இல் தொடங்கப்பட்டு 1975இல் மூடப்பட்ட ஹார்மனி நிறுவனத்தின் கிதார்களோ சில நூறு டாலருக்கே கிடைக்கின்றன. இவை ஒரு காலத்தில் சியர்ஸ் நிறுவனத்தின் அஞ்சல்வழி விற்பனை மூலம் எளிய குடும்பங்களைச் சென்றடைந்தவை. எளியோர் வாங்கியவை என்பதால் இவற்றை இழிவாக எண்ணிவிடலாகாது. இந்நிறுவனத்தின் ‘சாவரின்’ வகைக்கு மேற்பலகை முழு ஸ்புரூஸ் மரம், பக்கங்கள் மகாகனி. புகழ்பெற்ற கலைஞர் ஜிம்மி பேஜ் தம் ஒலிப்பதிவுகளில் பயன்படுத்தியதும் இவ்வகைக் கிதாரே! ஜப்பானின் யமஹா நிறுவனம் 1966இல் வெளியிட்ட எஃப்ஜி-180 வகையும் எளியோர் நாடத்தக்கதே.

அப்படியாயின், விலை குறைந்ததைக் கண்டவுடன் வாங்கிவிடலாமா? அங்கேதான் ஆபத்து காத்திருக்கின்றது!

கிதாரின் ஆறு எஃகுத் தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ விசையுடன் இழுத்துக் கொண்டிருக்கின்றன. ஐம்பது, அறுபது ஆண்டுகள் இந்த இழுவையைத் தாங்கிய கழுத்து, மெல்ல முன்னோக்கிச் சாய்ந்து விடுகின்றது. தந்திகள் மெட்டுகளை விட்டு உயர்ந்து, அழுத்தும் விரல்கள் நோகின்றன. கழுத்தைக் கழற்றி, கோணம் திருத்தி மீண்டும் பொருத்துவதற்குப் பல நூறு டாலர் செலவாகும். முந்நூறு டாலர் கிதாருக்கு ஐந்நூறு டாலர் பழுதுக்கூலி கொடுக்க நேர்ந்தால், மலிவாக வாங்கியதன் பயன் என்ன?

இதைக் கண்டறியும் வழி எளிதே. நேரான நீண்ட அளவுகோல் ஒன்றை மெட்டுகளின்மீது நீளவாக்கில் வையுங்கள். அதன் முனை, குதிரை என்னும் தந்திதாங்கியின் மேல்விளிம்பை ஒட்டி அமைந்தால் கழுத்து நலமாயுள்ளது. விளிம்புக்குக் கீழே இடித்தால் சாய்ந்துவிட்டது என்று பொருள். குதிரையின்மேல் உள்ள எலும்புத் துண்டு மிகவும் தேய்க்கப்பட்டுத் தாழ்ந்திருந்தாலும் ஐயுறுங்கள். அது குறையை மறைக்கச் செய்த வேலையாக இருக்கலாம். பின்னர் ஒரு சிறு கண்ணாடியையும் கைவிளக்கையும் கொண்டு உட்புறம் நோக்குங்கள். தாங்குச் சட்டங்கள் பசை விட்டிருக்கின்றனவா, பலகையில் வெடிப்பு உண்டா என்பது தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் மறந்துவிடலாகாது. அக்காலக் கிதார்கள் பலவற்றில் பிரேசில் நாட்டு ரோஸ்வுட் மரம் உண்டு. அழிந்து வரும் அம்மரம் 1992 முதல் பன்னாட்டு உடன்படிக்கையின் மிகக் கடுமையான பட்டியலில் இடம்பெற்றுள்ளது. விரற்பலகை மட்டுமே அம்மரமாயினும், உரிய சான்றிதழ் இன்றி எல்லை கடந்தால் கருவி பறிமுதலாகலாம். விடுமுறையில் ஊருக்குக் கொண்டுவர எண்ணும் மகனிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மார்ட்டின் நிறுவனமே 1969 முதல் நம் இந்திய ஈட்டி மரத்தின் பக்கம் திரும்பியது என்பது இங்கே நினைக்கத்தக்கது.

ஆம், வாசகர்களே! பெயருக்குக் கொடுக்கும் பணம் பெயரோடு போய்விடும். கழுத்து நேராக உள்ள எளிய கருவியோ, அதை வாங்கியவன் பிள்ளைகளின் கைகளிலும் ஒலிக்கும். கடைக்குச் செல்லும் மகனின் பையில் பணத்தோடு ஓர் அளவுகோலும் இருக்கட்டும்!