துவர்த்து கேட்டு வரும் வாடிக்கையாளர்

திற்பரப்பு அருவிக்குச் செல்லும் பாதையில் கடை வைத்திருப்பவர்களுக்குத் துணி வியாபாரம் புதிதல்ல. கடலை மிட்டாய், சோப்பு, எண்ணெய்ப் பாட்டில் இவற்றுக்கு நடுவே ஒரு கம்பியில் துவாலையும் அரைக்கால் சட்டையும் சிறுவர் பனியனும் தொங்கும். மாற்றுத் துணி எடுத்துவர மறந்தவர் அவசரத்துக்கு வாங்குவார், விலையைக் கொஞ்சம் குறைக்கச் சொல்வார், போய்விடுவார். அந்தத் துணி எந்த ஊரில் நெய்தது, எந்த நூலில் ஆனது என்று அவர் கேட்டதில்லை, நாமும் சொன்னதில்லை.

இப்போது சிலர் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். "இது காட்டன்தானா? கைத்தறியா? சாயம் போகுமா?" என்பவை அந்தக் கேள்விகள். ஆற்றையும் மண்ணையும் கெடுக்காத, உழைத்தவன் வயிற்றில் அடிக்காத துணியை, அழகும் குறையாமல் உடுத்த வேண்டும் என்ற எண்ணம் படித்த இளைஞர்களிடையே பரவி வருகிறது. பெருநகரக் கடைகளில் இதற்கெனத் தனி அலமாரியே வைத்து, இரண்டு மடங்கு விலையும் போடுகிறார்கள். பலசரக்கு வியாபாரிக்கு இதில் என்ன வேலை என்று எண்ண வேண்டாம். அந்த வாடிக்கையாளர் தேடும் சரக்குகளில் ஒன்று நம் மாவட்டத்து வீடுகளில் கொடியில் காய்ந்துகொண்டிருக்கிறது. அதுதான் துவர்த்து.

துவர்த்தின் குணம்

வெளியூர்க்காரர்கள் துண்டு என்பார்கள், மலையாளத்தில் தோர்த்து. மெல்லிய பருத்தி நூலில், நெருக்கமில்லாமல் நெய்யப்படுவது. புதிதாக வாங்கும்போது கஞ்சி விறைப்பு இருக்கும். நாலைந்து தடவை துவைத்த பிறகுதான் அதன் குணம் தெரியும். தண்ணீரை உறிஞ்சும், பிழிந்து உதறினால் சீக்கிரம் காயும், மடித்தால் உள்ளங்கையில் அடங்கும். டர்க்கி டவல் நனைந்தால் கல் போலக் கனக்கும். மழைக்காலத்தில் இரண்டு நாளானாலும் ஈரம் போகாமல் வாடை அடிக்கும். அருவியில் குளித்துவிட்டுப் பேருந்தில் ஊர் திரும்புகிறவருக்கு இரண்டில் எது உதவும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெளிநாட்டுக் கடைகளிலும் இதே போன்ற மெல்லிய பருத்தித் துவாலைகளை, பயணத்துக்கு ஏற்றவை என்று சொல்லி நல்ல விலைக்கு விற்கிறார்கள்.

இந்த நெசவுக்கும் நம் பகுதிக்கும் உறவு பழையது. வடசேரியிலும் இரணியலிலும் தறி ஓசை கேட்ட தெருக்களைப் பெரியவர்கள் அறிவார்கள். இன்று புவிசார் குறியீடு பெற்றுப் புகழோடு விளங்கும் பாலராமபுரம் கைத்தறியின் தொடக்கத்தைப் பார்த்தாலும் வேர் இந்தப் பக்கம்தான் வருகிறது. திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மா காலத்தில், தளவாய் உம்மிணித் தம்பியின் முயற்சியால், வள்ளியூர், நாகர்கோவில் பக்கத்திலிருந்து அழைத்துக் குடியமர்த்தப்பட்ட சாலியர் குடும்பங்களே அங்கே தறி போட்டவர்கள். திற்பரப்பிலிருந்து பாலராமபுரம் ஒன்றிரண்டு மணி நேரப் பயணம். கொள்முதலுக்கு ஈரோட்டுச் சந்தைக்கு மட்டுமே போக வேண்டும் என்ற கட்டாயம் நமக்கு இல்லை.

ஆனால் தறிகள் குறைந்து வருகின்றன. மத்திய அரசின் கைத்தறிக் கணக்கெடுப்புகளைப் பார்த்தால் நிலைமை விளங்கும். 1995-96இல் நாடு முழுவதும் 65 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இத்தொழிலில் இருந்தனர். 2009-10இல் அது 43 லட்சமாகவும், 2019-20இல் 35 லட்சமாகவும் இறங்கிவிட்டது. கடைசிக் கணக்கெடுப்பில், நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு. நெசவாளர்களில் பெரும்பாலோர் பெண்கள். நம் கடையில் ஒரு நாள் விற்றுமுதல் என்ன, அந்தக் குடும்பத்தின் மாத வருமானம் என்ன என்று நினைத்துப் பார்த்தால், துவர்த்துக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி நெசவாளரிடம் பேரம் பேசும் நாக்கு சற்றுத் தயங்கும்.

ஏன் கேட்கிறார்கள்?

வாடிக்கையாளரின் இந்தக் கேள்விகள் திடீரென்று முளைத்தவை அல்ல. திருப்பூர்ச் சாயக்கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாட்டை நாடறியும். பாசனத்துக்காக 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கி, விவசாயிகளே அந்த நீர் வேண்டாம் என்னும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரிப்பவை மட்டுமே பிறகு இயங்க முடிந்தது. 2013 ஏப்ரல் 24 அன்று பங்களாதேஷில் ராணா பிளாசா என்ற கட்டடம் இடிந்து, அதிலிருந்த தையல் ஆலைகளில் வேலை செய்த 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மலிவு விலைச் சட்டைக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று மேல்நாட்டு மக்கள் வீதியில் நின்று கேட்டது அதற்குப் பிறகுதான்.

தொலைவில் எழும் கேள்வி என்று அலட்சியமாக இருக்க முடியாது என்பதற்கு நம் நாட்டு அனுபவமே உண்டு. தோலில் படும் சில அசோ சாயங்கள் புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று ஜெர்மனி 1990-களின் நடுவில் அவற்றைத் தடை செய்தது. கரூரிலும் திருப்பூரிலும் ஏற்றுமதியாளர்கள் பதறினார்கள். 1997இல் இந்திய அரசே அத்தகைய சாயங்களைத் தடை செய்துவிட்டது.

கலப்படம் என்றால் கலப்படம்தான்

இனி நம் பக்கத்துக்கு வருவோம். கேட்கிறார்கள் என்றதும் விசைத்தறித் துண்டை எடுத்து "கைத்தறிதான் சார்" என்று சொல்லும் ஆசை வரும். இழுத்துப் பார்த்தாலும் வாங்குகிறவருக்குத் தெரியாது. தேயிலைத் தூளில் புளியங்கொட்டைத் தூளைக் கலப்பவனை நம் சங்கத்தில் யாரும் மதிப்பதில்லை. கைத்தறி என்று சொல்லி விசைத்தறியை விற்பதும் அந்த வகைதான். அங்கே உண்கிறவர் ஏமாறுகிறார். இங்கே வாங்குகிறவரோடு சேர்த்து, தறியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளியும் ஏமாறுகிறார்.

விசைத்தறித் துண்டு விற்பது குற்றம் என்று யாரும் பொருள்கொள்ள வேண்டாம். அதை நெய்பவரும் தொழிலாளிதான். அந்த விலைக்குத்தான் வாங்க முடியும் என்கிற ஏழை வாடிக்கையாளரும் உண்டு. இரண்டையும் வைக்கலாம், பெயரை மாற்றாமல் இருந்தால் போதும். சில ரகத் துண்டு, வேட்டி, லுங்கி போன்ற 11 வகைகளைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கி 1985ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது என்பதையும் மொத்த வியாபாரிகள் நினைவில் கொள்வது நல்லது.

சரக்கைப் பிடித்துப் பார்த்து அறிய சில வழிகள் உண்டு. கைத்தறியில் துணி அகலம் சுருங்காமலிருக்க, நெய்யும்போது இரு ஓரங்களிலும் முள் வைத்த குச்சியைக் குத்தி நிறுத்துவார்கள். அந்த முள் பட்ட நுண்ணிய துளைகள் ஓரத்தில் வரிசையாகத் தெரியும். கரையும் அச்சடித்தாற்போல இராது. கைக்கு ஏற்றபடி மிகச் சிறிய ஏற்ற இறக்கம் இருக்கும். பருத்தியா என்று அறிய ஒரு நூலை உருவித் தீயில் காட்டினால் போதும். பருத்தி காகிதம் எரிவது போல மணந்து பொடிச் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியபின் கெட்டி மணியாக நிற்கும். இரண்டும் கலந்த நூலானால் சாம்பலில் கரகரப்புத் தட்டுப்படும். சாயம் நிற்குமா என்பதற்கு, நனைத்த வெள்ளைத் துணியால் பத்துத் தடவை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். இவை அத்தனையும் கடை வாசலில் நின்றபடியே செய்யக்கூடியவை. இதற்கு மேல் உறுதி வேண்டுமென்றால், 2006இல் கொண்டுவரப்பட்ட கைத்தறி முத்திரை ஒட்டிய சரக்கைக் கேட்டு வாங்கலாம்.

"இயற்கை", "பசுமை", "சுற்றுச்சூழலுக்கு உகந்தது" என்று அட்டையில் எழுதித் தொங்கவிடுபவர்களுக்கும் ஒரு செய்தி. ஆதாரமில்லாத பசுமை விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டு விதிகளை வெளியிட்டிருக்கிறது. உற்பத்தியாளரோடு விற்பவரும் அதில் அடக்கம். "பருத்தி நூல், கைத்தறி, இன்ன ஊர்" என்று தெரிந்ததை மட்டும் எழுதினால் எந்த விதிக்கும் பயப்பட வேண்டியதில்லை. அப்படி எழுதுவதுதான் விற்பனைக்கும் நல்லது. கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம் சில ஆண்டுகளுக்கு முன் பட்டுச் சேலைகளில் நெசவாளரின் படமும் பெயரும் அச்சிட்ட அட்டையை இணைத்தபோது, வாங்குகிறவர்கள் அதை ஆவலோடு படித்தார்கள். அச்சகச் செலவு செய்ய இயலாத கடைக்காரர் கையால் எழுதி வைத்தாலும் போதும்.

கெட்டுப்போன சரக்கிலும் வியாபாரம் உண்டு என்பதற்குக் கேரளத்தில் ஒரு நிகழ்ச்சி. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் எறணாகுளம் மாவட்டம் சேந்தமங்கலத்துக் கைத்தறிச் சங்கங்களில் ஓணத்துக்கென்று அடுக்கி வைத்திருந்த துணிகள் சேற்றில் ஊறின. விற்கவும் முடியாது, எரிக்கவும் மனம் வராது. அந்தச் சேலைகளைச் சுத்தம் செய்து, வெட்டி, 'சேக்குட்டி' என்ற சிறு பொம்மைகளாகக் கட்டி ஒன்றை 25 ரூபாய்க்கு விற்றார்கள். கறை தெரியத்தான் செய்தது. அந்தக் கறைக்காகவே கேட்டு வாங்கியவர்கள் உண்டு. ஒரு சேலையிலிருந்து வந்த பொம்மைகளின் மொத்த விலை, சேலையின் விலையைப் போலப் பல மடங்கு ஆயிற்று.

பை விஷயம்

பலசரக்குக் கடைக்காரர்களை நேரடியாகத் தொடுவது பை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் 14 வகை தடைசெய்யப்பட்டிருக்கின்றன. கேரி பேக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் துணிபோலவே தோன்றும், நெய்யாத வகைப் பையும் அந்தப் பட்டியலில் உண்டு என்பது பலருக்கு இன்னும் தெரியவில்லை. "துணிப் பை" என்று சொல்லி மொத்த வியாபாரி தலையில் கட்டுவது பெரும்பாலும் இதைத்தான். அது பாலிபுரோப்பிலீன், அதாவது பிளாஸ்டிக். தீக்குச்சிச் சோதனை இதற்கும் பொருந்தும். அபராதம் கட்டும்போது "எனக்குத் தெரியாது" என்றால் அதிகாரி ஏற்கமாட்டார்.

2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியபோது நகரத்துப் பிள்ளைகள் அதை நாகரிகமாகத் தோளில் மாட்டிக்கொண்டார்கள். கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை என்று ஒரு காலத்தில் கேலி செய்யப்பட்ட பை அது! பருத்தி, சணல் கடைப்பைகளுக்கு 12 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. வரி 22-9-2025 முதல் 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. இலவசமாகக் கொடுத்தால் கட்டுபடியாகாது என்பது உண்மை. கடைப்பெயர் அச்சிட்ட பையை அடக்க விலைக்கே கொடுத்து, திரும்பக் கொண்டுவருபவருக்குச் சாமானில் ஓரிரு ரூபாய் கழிப்பது நடைமுறைக்கு ஏற்றதாக இருக்கும். அருவிக்கு வருபவர்களிடம் ஒரு துவர்த்தும், ஈரத்துணி போட்டுக்கொள்ள ஒரு பையும் சேர்த்து ஒரே விலையாகச் சொன்னால் மறுப்பவர் குறைவு.

சிவராத்திரிக்கு முன்

திற்பரப்பு வியாபாரிகளுக்கு ஆண்டில் ஒரு தனி நாள் உண்டு. மகா சிவராத்திரியையொட்டி நடக்கும் சிவாலய ஓட்டத்தில் பன்னிரு சிவாலயங்களுள் மூன்றாவது திற்பரப்பு மகாதேவர் கோயில். காவி உடுத்தி, கையில் பனை விசிறியோடு, "கோவிந்தா, கோபாலா" என்று அழைத்தபடி நூறு கிலோமீட்டருக்கும் மேல் கால்நடையாக வருகிற அடியவர்கள், ஒவ்வொரு கோயிலிலும் நீராடி ஈரத்துணியோடு தரிசிக்கிறார்கள். முதல் முழுக்கிலேயே சாயம் விடும் பாலியஸ்டர் கலந்த காவி வேட்டி அவர் தொடையில் ஒட்டி உராயும், புண்ணாக்கும். விட்ட சாயம் கோதையாற்றில் கலக்கும். சாயம் நிற்கும் பருத்திக் காவியை அந்த நேரத்தில் வைத்திருக்கும் கடைக்கு அடுத்த ஆண்டும் அதே கூட்டம் வரும்.

கைத்தறிச் சரக்கை முந்தின வாரம் சொல்லி முந்தின நாள் வாங்க முடியாது. பாவு போடுவது, சாயம் தோய்ப்பது, நெய்வது என்று நெசவாளருக்குக் காலம் வேண்டும். கார்த்திகை மாதத்திலேயே எத்தனை உருப்படி, என்ன அகலம், என்ன கரை என்று எழுதிக் கொடுத்து, முன்பணமும் கொடுத்துவிட வேண்டும். நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து ஒரே ஆர்டராகக் கொடுத்தால் ஏற்றிவரும் கூலியும் குறையும்.